கப்பல் விட்டுச் சென்ற ஆள்

1

போன வாரம் மாலுமிகள் இல்லத்தில் என் மேல்சட்டையில் ஒரு பித்தளை ஊசிப்பதக்கம் குத்திவிட்டார்கள். தன்னார்வலராகச் சேர்ந்து ஓராண்டு முடிந்ததற்கு அடையாளம். கேக் வெட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் நன்றி என்ற ஒரே வார்த்தையோடு உட்கார்ந்துவிட்டேன். மனதில் இருந்ததை ஆங்கிலத்தில் சொன்னால் அது வேறொன்றாகிவிடும் என்று தோன்றியது. அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. கனடாவின் கிழக்குக் கரையில், ஹாலிஃபாக்ஸ் என்ற துறைமுக ஊரில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். வீட்டுக்காரர் வேறு ஊர்க்காரர், இங்கே குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மெக்கானிக். எனக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் காலை வேலை. ஒரே மகள் தாரணி கல்லூரிக்கு டொராண்டோ போன பிறகு மதியங்கள் நீளமாகிப் போயின. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஆறு மணி வரை யாரும் பேச மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டால் பின்னால் தோழிகள் அவளை "டாரா, டாரா" என்று கூப்பிடும் சத்தம் கேட்கும். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நடுவில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டும் இருப்பாள்.

ஒருநாள் அவளே சொன்னாள். "அம்மா, உனக்கு மனுஷங்க வேணும். எங்கயாவது வாலன்டியரா போ. இங்க எல்லாரும் போவாங்க."

எனக்கு அந்தச் சொல்லே புதிதாக இருந்தது. தூத்துக்குடியில் தெருவில் யாரையாவது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் அம்மா பிளாஸ்க்கில் காபியை ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "ஏளா, கதவச் சாத்திக்கோ, வந்துருதேன்" என்பாள். அதற்கு ஒரு பெயர் உண்டென்றோ, விண்ணப்பப் படிவம் உண்டென்றோ அவளுக்குத் தெரியாது.

2

நான் தேர்ந்தெடுத்தது துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாலுமிகள் இல்லம். கப்பலில் வருகிறவர்கள் சில மணி நேரம் உட்கார்ந்து, வீட்டுக்குப் பேசி, சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் போகும் இடம். ஏன் அது என்று அப்போது யோசிக்கவில்லை. பேருந்து அந்த வழியாகப் போகும்போது டீசல் வாடையும் உப்புக் காற்றும் சேர்ந்து வரும். அந்த நிறுத்தத்தில் மட்டும் நான் எப்போதும் ஜன்னலைத் திறப்பேன்.

சேர இரண்டு மாதம் ஆனது. போலீஸ் சான்றிதழ் வேண்டும், துறைமுகத்துக்குள் போக அனுமதி அட்டை வேண்டும். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அப்பா பெயர் சிவனணைந்த பெருமாள். போலீஸ் படிவத்தின் கட்டங்கள் பாதியிலேயே முடிந்துவிட்டன. சான்றிதழ் பாதி அப்பாவோடு வந்தது. துறைமுக அலுவலகமோ முழு அப்பா வேண்டும் என்றது. மூன்று முறை அலைந்தேன். மூன்றாவது முறை கவுன்டரில் இருந்த பெண் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்து, "இவர் அரசரா?" என்று கேட்டாள். இல்லை, கடை வைத்திருந்தார் என்றேன்.

நேர்முகத்தில் வேறு கூத்து. பொறுப்பாளர் மார்கரெட் அறுபது தாண்டியவர், பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேசி முடித்ததும் எந்தக் கிழமை வர வேண்டும் என்று கேட்க நினைத்து, "எனக்கு ஒரு டவுட் இருக்கிறது" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பேனாவை மூடி வைத்தார். "சந்தேகம் இருந்தால் அவசரப்படாதீர்கள். வீட்டுக்குப் போய் நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள்" என்றார். நான் வேலையில் சேர்வதையே சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். நம் ஊரில் கேள்வி கேட்பதற்கே டவுட் என்றுதான் பெயர் என்று அவருக்குப் புரியவைக்கக் கால் மணி நேரமாயிற்று. இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "ராஜேஸ்வரி, இன்று ஏதாவது டவுட் உண்டா?" என்பார்.

3

முதல் சில வாரம் காபி ஊற்றினேன், கம்பளித் தொப்பிகளை அளவு பார்த்து அடுக்கினேன். பிறகு ஒருநாள் மார்கரெட் என்னைக் கப்பலுக்கே கூட்டிப்போனார்.

நான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். துறைமுக ஊரில் பிறந்து இருபத்து நான்கு வயது வரை அங்கேயே வளர்ந்தவள் நான். அப்பாவின் கடை பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் தோணிகளுக்குக் கயிறு, வெங்காயம், அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கிருந்துதான் போகும். அண்ணன் எட்டு வயதில் தோணியில் ஏறி விளையாடியவன். நான் கேட்டால் அப்பா, "பொம்பளப் பிள்ளைக்கு அங்கன என்ன சோலி?" என்பார். கோபமாகக்கூட இல்லை. வெயிலில் அலையாதே என்று சொல்வதுபோல்தான் சொல்வார். கடை வாசலில் நின்று பாய்மரத்து நுனியைப் பார்ப்பேன். அவ்வளவுதான் என் கடல் பயணம்.

ஐம்பத்தொரு வயதில், உலகத்தின் இன்னொரு முனையில், ஆடிக்கொண்டிருந்த ஏணிப்படியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக ஒரு கப்பலில் ஏறினேன். கீழே கறுப்புத் தண்ணீர். மேலே போனதும் கயிற்றை விடாமல் நின்றேன். மார்கரெட் பயந்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவரைக் கூப்பிட்டிருப்பேன். "அப்பா, நான் எங்க நிக்கேன் தெரியுமா?" என்று கேட்டிருப்பேன்.

4

பிப்ரவரியில் ஒரு மதியம் மார்கரெட் கூப்பிட்டார். கப்பலைக் கட்டும் கயிற்றில் ஒரு மாலுமியின் கை சிக்கிவிட்டது, மருத்துவமனையில் இருக்கிறான், கப்பல் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது என்றார். "தென்னிந்தியன் என்கிறார்கள். எதைக் கேட்டாலும் 'யெஸ் சார்' என்கிறானாம். நீ போய்ப் பேச்சுத்துணைக்கு இரு. மருத்துவ விஷயத்தை மட்டும் மொழிபெயர்க்காதே. அதற்குத் தொலைபேசியில் ஆள் வைத்திருக்கிறார்கள். விதி அது."

ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பதுக்குள் இருக்கும். வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டுத் தலையணை மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் "குட் மார்னிங் மேடம்" என்றார். மணி இரண்டு.

"தம்பிக்கு எந்த ஊரு?"

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "தூத்துக்குடி மேடம்."

"தூத்துக்குடில எங்கன?"

அந்த 'எங்கன' போதுமாக இருந்தது. "எக்கா, வேம்பாருக்கா. நீங்க?"

"டவுனுதான். பழைய துறைமுகத்துப் பக்கம் எங்க அப்பா கடை வச்சிருந்தாவ."

அவர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு லேஞ்சி இருந்தாத் தாங்கக்கா" என்றார். கடற்கரை ஊர்க்காரர்கள் கைக்குட்டைக்குச் சொல்லும் சொல். அதை எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என்னிடம் காகிதம்தான் இருந்தது. கொடுத்தேன்.

பெயர் சூசைராஜ். இன்ஜின் அறையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலராக இருக்கிறார். அன்றைக்கு ஆள் போதாமல் மேலே கயிறு பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். "விடியக்காலம் ஹார்ன் சத்தம் கேட்டுச்சு. எங்க கப்பலுதான். சத்தத்தை வச்சே தெரிஞ்சுபோச்சு. போயிட்டுக்கா" என்றார். அவருடைய பையும் செருப்பும் கட்டிலுக்கடியில் இருந்தன.

ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி, தெரு ஓரமெல்லாம் பனியைக் குவித்துவிட்டுப் போயிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "அளத்துல உப்ப வாரிக் குமிச்சு வச்ச மாதிரியே இருக்குல்லாக்கா" என்றார்.

பதினெட்டு குளிர்காலமாக நான் நினைத்த நினைப்பு அது. ஒருவரிடமும் சொன்னதில்லை. யாரிடம் சொல்வது? உப்பளத்தைப் பார்த்தவர்கள்தானே அதற்குத் தலையாட்ட முடியும்.

5

மறுநாள் நான் இருக்கும்போதே மருத்துவர் வந்தார். இளம் பெண்மணி, பொறுமையானவர். தொலைபேசியைக் கட்டிலில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். மறுமுனையில் மொழிபெயர்க்கும் அம்மாள். நல்ல தமிழ், ஏட்டுத் தமிழ். லைன் கரகரத்தது.

சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் ரத்த ஓட்டம் இல்லை, காப்பாற்றப் பார்த்தோம், முடியவில்லை, எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். எனக்கு அது ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டது.  தொலைபேசியில் அந்த அம்மாள் குரல் வந்தது. "ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டுள்ளது. ஆகவே நாளை காலை அவற்றை அகற்றிவிடுவார்கள். தங்களுக்குச் சம்மதமா?"

சூசைராஜ் முகம் மலர்ந்தது. "யெஸ் சார். ஓகே சார்" என்றார். மருத்துவர் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார். இவர் என்னிடம் திரும்பி, "நாளைக்கே கட்டப் பிரிச்சிருவாவளாம்க்கா. நல்லதாப் போச்சு. இறுக்கமா இருக்கு" என்றார்.

இடது கையால் பேனாவைப் பிடிக்கப் பழக்கமில்லாமல் அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். மார்கரெட் சொன்ன விதி எனக்கு ஞாபகம் இருந்தது. என் கழுத்தில் தொங்கிய அட்டையில் தன்னார்வலர் என்று எழுதியிருந்ததும் தெரிந்தது. இரண்டு மாதம் அலைந்து வாங்கிய அட்டை. மீறினால் பிடுங்கிவிடுவார்கள், திரும்பவும் அந்த நீளமான மதியங்கள்தான் என்றும் ஒரு நொடி நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது.

பேனாவின் மேல் கை வைத்தேன்.

"தம்பி, கட்டுத் துணிய இல்ல. விரல. ரெண்டு விரல எடுக்கணும்னு சொல்லுதாவ."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. போகவில்லை, நின்றது. "எந்த விரலுக்கா?"

சொன்னேன். மோதிர விரலை என் கையில் தொட்டுக் காட்டினேன். மருத்துவர் என்ன நடக்கிறது என்று கேட்டார். சூசைராஜுக்குப் புரியவில்லை, கட்டைப் பிரிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார், நான் சொல்லிவிட்டேன், சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும் என்றேன். எல்லாம் ஒரே மூச்சில். மருத்துவர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொலைபேசியில் இருந்த அம்மாளிடம் முதலிலிருந்து, ஒவ்வொரு விரலாகப் பெயர் சொல்லித் தொடங்குவோம் என்றார். பாவம், அந்த அம்மாளும் பதறிப்போய்விட்டார். "மன்னிச்சுக்குங்க ஐயா" என்று ஏட்டுத் தமிழை விட்டு இறங்கி வந்தார்.

சூசைராஜ் எல்லாவற்றையும் கேட்டார். எடுக்காவிட்டால் விஷம் மேலே ஏறும் என்பதையும் கேட்டார். கடைசியில், "கப்பல்ல இனி ஏத்த மாட்டாவ" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "எங்க அப்பா சங்கு குளிக்கப் போனவரு. அடி ஆழம் வரைக்கும் போயி முழுசாத் திரும்பி வந்தாரு. நான் தண்ணியத் தொடாம கப்பலு மேலேயே நின்னு ரெண்டு விரல விட்டுட்டேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் மார்கரெட்டுக்கு நானே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.  "நீ செய்தது விதிக்கு விரோதம். அதைச் சொல்வது என் கடமை, சொல்லிவிட்டேன்" என்றார். "நாளை எத்தனை மணிக்குப் போகிறாய்? நான் வண்டியில் கூட்டிப்போகிறேன்."

6

கையெழுத்துப் போடும் முன்னால் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்றார் சூசைராஜ். மறுநாள் நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்; இங்கே காலை எட்டு மணி, வேம்பாரில் மாலை. அதுவரைக்கும் அவளிடம் லேசான கீறல் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். எண்ணைப் போட்டுவிட்டு என் கையில் கொடுத்தார். "நீங்க சொல்லுங்கக்கா. எனக்கு வாய் வரல."

"நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. நான் இங்கனயேதான் நிக்கேன்."

சொன்னார். முழுதாகச் சொல்ல நெடுநேரம் பிடித்தது.  மறுமுனையில் எங்கோ தூரத்தில் ஒரு பேருந்து ஹார்ன், கடற்கரைச் சாலையில் போவது, என் காதுவரை கேட்டது. பிறகு அவள் குரல்.

"மத்த எட்டு விரலும் இருக்குல்லா?"

"இருக்குளா."

"அப்பம் வந்து சேருங்க."

பிறகுதான் அழுதாள். அழுது முடித்துவிட்டு, பக்கத்தில் யாரோ அக்கா இருப்பதாகச் சொன்னீர்களே, அவர்களிடம் கொடுங்கள் என்றாள். "எக்கா, நான் ஜெசிந்தா. அவியளுக்கு இடது கையால சாப்பிட வராது. கூச்சப்படுவாவ, பட்டினி கெடப்பாவ. கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அறுவைக்குப் பிறகு ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. நான் சோறும் ரசமும் பொரித்த மீனும் கொண்டுபோனேன். இடது கையைப் பார்த்தார், எடுத்துக்கொள்ளவில்லை. "இங்கன யாருலே பாக்கா?" என்று அதட்டினேன். அந்த 'லே' எனக்கே அதிர்ச்சி. என் வீட்டில் ஏலே என்று கூப்பிட ஆளே கிடையாது. அவர் சிரித்துவிட்டார். நான் மீனில் முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாகக் கரண்டியில் வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

தாரணிக்கு அப்போது ஒரு வார விடுமுறை. ஒருநாள் என்னோடு வந்தாள். "பாப்பா என்ன படிக்கிய?" என்று அவர் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். இவரும் தன் கப்பல் ஆங்கிலத்தை எடுத்துவிட்டார். என்னைவிட இரண்டு பேரும் நன்றாகவே பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

 திரும்பும்போது பேருந்தில் அவள் பாதித் தமிழில் சொன்னாள். "அம்மா, நீ மாமாகிட்ட ஃபோன்ல பேசுறப்ப வேற மாதிரி பேசுவ இல்ல? அது உன்னோட ஸ்டைல்னு நெனச்சிட்டிருந்தேன். அவரும் அப்படியே பேசுறார். அது ஒரு ஊருன்னு எனக்குத் தெரியாது."

 பத்தொன்பது வருஷம் ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறேன். அவள் காதுக்கு என் ஊர் ஒரு ஆளின் குரலாக மட்டும் இருந்திருக்கிறது. குற்றம் அவளுடையது இல்லை. இந்த ஊரில் அப்படிப் பேசும் இன்னொருவரை நான் அவளுக்குக் காட்டியதே இல்லை.

7

மூன்று வாரம் கழித்துக் கப்பல் முகவர் ஏற்பாடு செய்த விமானத்தில் சூசைராஜ் ஊருக்குக் கிளம்பினார். மார்கரெட் வண்டி ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். விமான நிலையத்தில் இடது கையைத்தான் நீட்டினார். பிறகு அதையும் இழுத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "வாரேன்க்கா" என்றார். மார்கரெட்டிடம் "தேங்க்யூ சார்" என்றார். சூசைராஜ் உள்ளே போன பிறகும் நான் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒருவரை வழியனுப்புவது பழக்கமானதுதான். ஆனால் போகிறவர் தூத்துக்குடிக்குப் போகிறார், நான் நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது அவர் ஊரில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் இயந்திரம் பார்க்கிறார். ஸ்பேனரை மூன்று விரலால் பிடிக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். கப்பலைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. பேசுவதெல்லாம் ஜெசிந்தாதான். கரைக்கு என்ன மீன் வந்தது, மாதா கோயில் திருவிழாவுக்கு யார் யார் வந்தார்கள், மழை உண்டா என்று எல்லாம் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

போன வாரம், அந்தப் பித்தளை ஊசியோடு வீட்டுக்கு வந்த அன்று அவள் கேட்டாள். "எக்கா, ஊருக்கு எப்பம் வாரிய? வந்தா எங்கன எறங்குவிய?"

உண்மையைச் சொன்னேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டை விற்றாயிற்று. அண்ணன் கோயம்புத்தூரில். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜில் தங்கினேன். காலையில் கீழே இறங்கியதும் வரவேற்பில் இருந்தவர், ஊர் சுற்றிப் பார்க்க ஆட்டோ வேண்டுமா மேடம் என்று கேட்டார்.

ஜெசிந்தா கோபப்பட்டாள். "சொந்த ஊருல லாட்ஜா? நல்லாருக்கே! இங்கன வாங்க. தையில வாங்க."

சரி என்றேன். நினைத்துப் பார்க்காமலே வந்துவிட்ட சரி அது. மறுநாள் விசா விண்ணப்பத்தைத் திறந்து உட்கார்ந்தேன். பிறந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். குடியுரிமை மாறிய நாளிலிருந்து அப்படித்தான். பக்கம் பக்கமாகப் போய் ஓரிடத்தில் நின்றது. இந்தியாவில் உங்களை அறிந்த ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி. சென்ற முறை அந்த இடத்தில் லாட்ஜ் மேலாளரின் பெயரைத்தான் போட்டிருந்தேன். அவர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டு வீட்டுக் கதவு எண் கேட்டேன்.

"நம்பரு என்னத்துக்குக்கா? பஸ்ஸ விட்டு எறங்கி சூசைராஜ் வீடுன்னு கேளுங்க, கொண்டாந்து விட்டுருவாவ."

"படிவத்துல கேக்காவ ஜெசிந்தா."

"யாரு எழுதி வச்சா, யாரு பாத்தா... கொஞ்சம் நில்லுங்க."

அவள் எழுந்து போவது கேட்டது. தாழ்ப்பாள் சத்தம், பிறகு காற்று. கதவில் அழிந்துபோயிருந்த எண்ணைக் கையால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாக, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் வாசித்தாள். நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன்.